பதில் மணி

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் உள்ளே போனதும் மேசைமேல் இருக்கும் பித்தளை மணியின் தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவேன். பிள்ளைகள் அத்தனை பேரும் விரல் முட்டியால் தங்கள் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அந்தப் பதில் வந்த பிறகுதான் புத்தகத்தைத் திறப்பேன். வராவிட்டால் நின்றுகொண்டே இருப்பேன். அண்மையில் வகுப்பைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி, பாவம், பயந்தே போய்விட்டார். பிள்ளைகள் ஏதோ கலகம் செய்யப்போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ! "இது என்ன பழக்கம்?" என்று கேட்டார். "எங்கள் வீட்டுப் பழக்கம், ஐயா" என்றேன். அவருக்கு அதற்கு மேல் கேட்க நேரமில்லை. நேரம் இருக்கிறவர்களுக்கு இங்கே சொல்கிறேன்.

இந்த மணி முன்பு எங்கள் தலைமை ஆசிரியையின் மேசையில் இருந்தது. நான் இப்போது கற்பிக்கும் இதே கோலாலம்பூர்ப் பள்ளியில் அப்போது நான் மாணவி. என் அக்கா எனக்கு இரண்டு வகுப்பு மேலே. அந்தக் காலத்தில் இந்தப் பள்ளியின் மேல்வகுப்பில் ரஷ்ய மொழி ஒரு பாடமாக இருந்தது என்று சொன்னால் இன்று ஆசிரியர் அறையில் சிரிக்கிறார்கள். "ரஷ்யாவா? இங்கேயா? யார் படித்தார்கள்?" என்கிறார்கள். என் அக்கா படித்தாள். அந்தப் பாடம் வந்ததற்கு என் அப்பாவும் ஒரு காரணம். அதை நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வேன்.

அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் பாதையில், இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் நெருக்கி நிற்கும் ஒரு சின்ன நிலையம் அவருடைய ராஜ்ஜியம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ராஜாவாகத்தான் நடப்பார். வெள்ளை டிரில் கோட்டில் ஒரு சுருக்கம் இருந்தால் அன்றைக்கு அம்மா தொலைந்தாள். வண்டி தாமதமாக வந்தால் முகம் கறுத்துவிடும். எஞ்சின் டிரைவர் வெள்ளைக்காரனாக இருந்தாலும் கடிகாரத்தை எடுத்து அவன் மூக்குக்கு முன்னால் நீட்டுவார். எங்கள் வீடு பிளாட்பாரத்தை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸ். அக்காவும் நானும் காலை வண்டியில் பள்ளிக்குப் போய் மாலை வண்டியில் திரும்புவோம். மகள்கள் இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதில் அப்பாவுக்கு இருந்த பெருமையைப் பிளாட்பாரத்தில் நின்ற மாடுகளுக்கும் தெரியும்.

அங்கே ஒற்றைத் தண்டவாளம். ஒரே நேரத்தில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் புறப்பட்டுவிட்டால் கதை முடிந்தது. அதனால் அடுத்த நிலையத்துக்காரரைக் கேட்காமல் எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் வண்டியை விட முடியாது. கேட்பது மணியால். அப்பாவின் அறையில் கம்பி இழுத்த இரண்டு மணிப்பெட்டிகள் இருந்தன, கோலாலம்பூர்ப் பக்கத்துக்கு ஒன்று, கிள்ளான் பக்கத்துக்கு ஒன்று. ஒரு தட்டு என்றால் ‘கவனி’ என்று பொருள். அந்தப் பக்கத்தில் இருப்பவர் அதே ஒரு தட்டைத் திருப்பி அடிக்க வேண்டும். அடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு. பாதை காலி, வண்டியை விடலாம் என்று அவர் தரும் அனுமதிக்கு ‘லைன் கிளியர்’ என்று பெயர். பதில் வராவிட்டால், கவர்னரே உட்கார்ந்திருந்தாலும் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். இதை அப்பா எங்களுக்கு அத்தனை தடவை சொல்லியிருக்கிறார், அக்காவும் நானும் அவர் முதுகுக்குப் பின்னால் வாயசைத்துக் காட்டுவோம்.

வருடக்கணக்காக இப்படியே வாழ்ந்ததில் அவர் உடம்பே மணிக்குப் பழகிவிட்டது. கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் தீபாராதனைக்கு மணி அடித்தால், கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்க, அப்பாவின் பெருவிரல் தன்பாட்டுக்கு மார்பில் தட்டும். அம்மா பக்கத்திலிருந்து நறுக்கென்று ஒரு கிள்ளு வைப்பாள். "சாமிக்கே லைன் கிளியர் கொடுக்கிறாரு உங்கப்பா" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ரஷ்யாவில் அரசரைக் கவிழ்த்துவிட்டுச் சிவப்புக் கொடிக்காரர்கள் ஆட்சிக்கு வந்த பிறகு, தப்பித்து ஓடியவர்கள் சீனா வழியாக இந்தப் பக்கமும் வந்து சேர்ந்தார்கள். சிலர் பியானோ சொல்லிக்கொடுத்தார்கள், சிலர் குதிரைமேல் நின்று வித்தை காட்டினார்கள். அப்படி ஒரு சர்க்கஸ் கூட்டம் கிள்ளானில் கூடாரம் போட வந்தது. கூடாரமும் குதிரைகளும் முதல் வண்டியில் போய்விட, மிச்சப் பேர் பின்னால் வந்த பயணிகள் வண்டியில் ஒவ்வொரு பெட்டியாகச் சிதறி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளி விடுமுறை. அக்காவும் நானும் சர்க்கஸ்காரர்களைப் பார்க்கும் ஆசையில் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றோம். எதிர்ப்பக்கம் கோலாலம்பூர் போகவேண்டிய ஒரு கூட்ஸ் வண்டி, இந்த வண்டி வந்து பாதை விடட்டும் என்று பக்கத்துத் தண்டவாளத்தில் புகைந்துகொண்டிருந்தது.

வண்டி நின்றதும் ஒரு பெட்டியிலிருந்து வெள்ளைக்கார அம்மா ஒருத்தர் குதித்தார். தலையில் துணி கட்டியிருந்தார். ஓடிவந்து, பச்சைக் கொடியைத் தூக்கப்போன அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வந்த வழியைக் காட்டி ஏதோ கத்தினார். அப்பா இங்கிலீஷில் கேட்டார், மலாயில் கேட்டார். அந்த அம்மாவுக்கு இரண்டும் தெரியவில்லை. அப்பாவின் நெஞ்சைத் தொட்டார். பிறகு எங்களை, வாசலில் நின்ற அக்காவையும் என்னையும், விரல் நீட்டிக் காட்டினார். திரும்பவும் அப்பாவின் நெஞ்சைத் தொட்டார். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் வேடிக்கை பார்க்கிறோம் என்றுதான் அந்த அம்மா கோபப்படுகிறார் என்று அப்பாவுக்குத் தோன்றியது. "உள்ள போங்க ரெண்டு பேரும்! மானத்தை வாங்காதீங்க!" என்று எங்கள்மேல் பாய்ந்தார். புருஷன் பெண்சாதிச் சண்டையோ, குடித்திருக்கிறாரோ, யார் கண்டது! தோட்டத்துத் துரைமார் குடித்துவிட்டுப் பிளாட்பாரத்தில் ஆடுவதை அப்பா நிறையப் பார்த்தவர். வண்டியோ ஏற்கெனவே தாமதம். கையை விடுவித்துக்கொண்டு கொடியைத் தூக்கினார். வண்டி போய்விட்டது. அந்த அம்மா பிளாட்பாரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

நடந்தது இதுதான். முந்தின நிலையத்தில் வண்டி நின்றபோது அவருடைய சின்னப் பையன் எதையோ பார்க்க இறங்கியிருக்கிறான். இந்த அம்மா தூங்கிப்போயிருக்கிறார். வண்டி நகர்ந்ததும் பையன் பயந்துபோய், வண்டிக்குப் பின்னாலேயே தண்டவாளத்தின் மேல் ஓட ஆரம்பித்திருக்கிறான்.

இது எதுவும் தெரியாத அப்பா, அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். கூட்ஸ் வண்டியைக் கோலாலம்பூர்ப் பக்கம் விட வேண்டும், அதாவது அந்தப் பிள்ளை ஓடிவந்துகொண்டிருந்த அதே தண்டவாளத்தில். மணிப்பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். பதில் இல்லை. கூட்ஸ் டிரைவர் விசில் மேல் விசிலாக ஊதினான், எட்டிப் பார்த்துத் திட்டினான். அப்பா அசையவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். அம்மா போய் அந்த வெள்ளைக்கார அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பாஷை கிடக்கட்டும் என்று, முதுகைத் தடவிக்கொடுத்துக் காப்பி குடிக்கவைக்கப் பார்த்தாள். வெகுநேரம் கழித்து மணி ஒரு தட்டு அடித்தது. கூடவே டெலிபோன் வந்தது. அந்த நிலையத்து மாஸ்டர் மூச்சு வாங்க வாங்கப் பேசினார். தண்டவாளத்தில் ஓடிய பிள்ளையைத் துரத்திப் பிடிக்கத் தானே ஓடியதாகவும், அதனால்தான் மணிப்பெட்டியில் ஆள் இல்லை என்றும் சொன்னார். பிள்ளை பத்திரமாக இருந்தான். அடுத்த வண்டியில் அவனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த அம்மா அவனைப் பளார் என்று ஓர் அறை அறைந்து, அப்படியே கட்டிக்கொண்டார். போகும்போது அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. "புள்ளதான் கெடச்சிருச்சே, அப்புறம் என்ன?" என்று அம்மா எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வீவேத் தோஷே அத்யேத்ஸ்" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கியம் அது. மணி ஓசையிலேயே ஊறிய காது. ஓசையை அப்படியே பிடித்து வைத்திருந்தது. "எதையோ என்கிட்டதான் சொன்னாங்க. என் நெஞ்சைத் தொட்டுச் சொன்னாங்க. என்னன்னு தெரியலயே" என்றார். அதன் பிறகு, முகச்சவரம் செய்யும்போது, கோட்டுக்குப் பித்தான் போடும்போது, திடீரென்று அந்த வாக்கியம் அவர் வாயில் வரும். "மந்திரம் ஓதுறாரு" என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் கொஞ்சம் சிரிப்பார்.

அடுத்த ஆண்டு எங்கள் பள்ளியில் லத்தீன் கற்பித்த மிஸ் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தவிர இன்னொரு மொழிப்பாடம் வேண்டும். கற்பிக்க ஆள் இல்லை. பள்ளியில் பியானோ கற்பித்த மேடம் ரஷ்யாவிலிருந்து தப்பி வந்தவர். வயதான அம்மாள், ஒரே ஒரு கறுப்பு உடுப்பைத் துவைத்துத் துவைத்து உடுத்துவார். அங்கே பெண்கள் பள்ளியில் தம் மொழியைக் கற்பித்துக்கொண்டிருந்தவர் அவர். கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நினைத்த தலைமை ஆசிரியை, விரும்புகிற பிள்ளைகள் ரஷ்ய மொழி படிக்கலாம் என்று அறிவித்தார். அக்கா அன்று மாலையே வீட்டில் அறிவித்துவிட்டாள்: "நான் படிக்கப்போறேன்."

அவ்வளவுதான், வந்தது வினை. பெற்றோர்களில் பாதிப் பேர் அரசாங்க உத்தியோகம். ரஷ்யா என்றால் சிவப்பு, சிவப்பு என்றால் போலீஸ். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, பெரிய ஆபீஸில் கிராணி, குமாஸ்தா வேலை; அவர் மகளும் எங்கள் பள்ளி. கிள்ளான் வண்டியில் ஏறி நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மச்சான், கேட்டீங்களா அநியாயத்தை? நாளைக்குத் துரை கூப்பிட்டு, உன் வீட்டுப் பொண்ணு ரஷ்யா பாஷை படிக்குதாமே, எதுக்குன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அந்த மேடம் சிவப்புக்காரனுக்குப் பயந்து ஓடியாந்தவங்க, மாமா. அவங்களப் பாத்து நாம பயப்படறதா?" என்றாள் அக்கா.

"நீ வாய மூடு. பெரியவங்க பேசறோம்ல?"

"ரஷ்யா பாஷையில குழம்பு வைக்க முடியுமான்னு கேட்டுச் சொல்லு, அப்புறம் பாப்போம்" என்றாள் அம்மா. அவள் யார் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாது.

அப்பா அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா போன பிறகு அக்கா மெல்லக் கேட்டாள்: "மேடம்கிட்ட அந்த மந்திரத்தைச் சொல்லி அர்த்தம் கேட்டுட்டு வரட்டா, அப்பா?" அப்பா வேகமாகத் தலையை ஆட்டினார். "வேணாம். வேத்தாள் சொல்லிக் கேக்க எனக்கு மனசு வரல. படிச்சிட்டு வந்து நீ சொல்லு" என்றார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, இந்தப் பாடம் வருமா வராதா என்பதில் அக்காவை விட அவருக்குத்தான் தவிப்பு அதிகம் என்று.

பெற்றோர் கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுக்கும் வேலையில் அக்காவும் நானும் மண்டபத்தின் ஓரத்தில் நின்றோம். மேடத்தை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ரயில்வேக்காரர்கள் எல்லாரும் ஒரே வண்டியில் வந்து ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்: ஸ்டேஷன் மாஸ்டர்கள், கார்டுகள், சிக்னல்காரர்கள். எல்லார் முட்டிக்கு நடுவிலும் ஒரு கறுப்புக் குடை. மேடையில் தலைமை ஆசிரியைக்குப் பக்கத்தில் பள்ளிக் குழுவைச் சேர்ந்த துரைமார் சிலர். அவர்களில் ஒருவர் ரயில்வேயில் பெரிய துரை, அப்பாவுக்கு மேலே, மேலே, இன்னும் மேலே.

மாமாதான் முதலில் எழுந்தார். எங்கள் பிள்ளைகள் பாதுகாப்பாக வளர வேண்டும், எந்த ஆபீஸிலும் இந்த மொழியைக் கேட்பதில்லை, இது வம்பை விலைக்கு வாங்கும் வேலை என்று நல்ல இங்கிலீஷில் பேசினார். கைதட்டல் எழுந்தது. பின்னால் ஒருவர், தமிழ் சொல்லிக்கொடுக்க இடமில்லாத பள்ளியில் ரஷ்யா மொழியா என்று கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. ஆளுக்கு ஆள் பேச, மண்டபம் சந்தைக்கடையாகிவிட்டது. தலைமை ஆசிரியை அமைதிக்காக மேசை மணியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். டிங்!

டொக்!

அப்பாவின் குடை, பலகைத் தரையில். மண்டபம் முழுக்கக் கேட்டது. தலைமை ஆசிரியை ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து பார்த்தார். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து இன்னொரு தடவை தட்டினார். டிங்! அப்பாவின் குடையும் விடவில்லை. டொக்! மண்டபம் கொல்லென்று சிரித்தது. ரயில்வே வரிசை மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது; அவர்களுக்குத்தான் காரணம் தெரியுமே! கிள்ளுவதற்கு அம்மாவும் பக்கத்தில் இல்லை. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

அப்பா எழுந்தார். முகம் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்காரப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பேச ஆரம்பித்தார். இங்கிலீஷில்தான் பேசினார், ஆனால் என் மனசில் அது அப்பாவின் தமிழாகவே நிற்கிறது.

"மன்னிக்கணும், டீச்சர். இது என் தொழில் பழக்கம். மணி அடிச்சா நான் பதில் அடிக்கணும். அடிக்கலேன்னா அந்தப் பக்கம் வண்டி எடுக்க மாட்டாங்க. லத்தீன் படிச்சா என்ன, ரஷ்யா படிச்சா என்னன்னு எனக்குத் தெரியாது. லத்தீன் பேசிக்கிட்டு யாரும் இதுவரைக்கும் என் பிளாட்பாரத்துல இறங்கினதில்ல. ரஷ்யா பேசிக்கிட்டு ஒரு தாய் இறங்கினாங்க."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். மேலதிகாரி மேடையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறந்து சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா? தெரிந்துதான். சொல்வதற்கு முன்னால் அந்தத் துரையை ஒருமுறை பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஒரு பயணி கையைப் பிடித்துத் தடுக்கத் தடுக்க, தான் கொடியைத் தூக்கி வண்டியை அனுப்பியதைச் சொன்னார். அந்தப் பிள்ளை தண்டவாளத்தில் ஓடியதைச் சொன்னார். மண்டபத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"மணிக்குப் பதில் வரலேன்னதும் கூட்ஸ் வண்டியை நிறுத்தி வெச்சேன். அதனால புள்ள பொழச்சான். ஆனா அந்தத் தாய் என்கிட்ட கேட்டதுக்கு நான் பதில் சொல்லாமலே வண்டியை விட்டுட்டேன். நேரம் ஆச்சுன்னு விட்டுட்டேன். என் மக நாலு வார்த்தை ரஷ்யா படிச்சிருந்தா விட்டிருக்க மாட்டேன். பின்னால ஒருத்தர் தமிழ் வேணும்னு கேட்டாரு. வேணும், நானும் சேர்ந்து கேக்கிறேன். என் அறையில ரெண்டு மணிப்பெட்டி இருக்கு. ஒரு பெட்டி இருந்தா இன்னொண்ணு வேணாம்னு எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் சொல்ல மாட்டான். என் மக படிக்கட்டும். பயம் இருந்தா அது என் தலையோட போகட்டும்."

உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. ரயில்வே வரிசையில் ஒருவர்கூட நிமிரவில்லை. துரை பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்குத் துணிச்சல் வரும்! அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அமைதியில் தன்னந்தனியாக, குடையைப் பிடித்துக்கொண்டு, சுருக்கமில்லாத கோட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்த மனிதர் என் அப்பா என்று கூரைமேல் ஏறிக் கத்த வேண்டும் போல் இருந்தது எனக்கு. அக்கா ஜூஸ் தட்டைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.

பாடம் வந்தது. விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்று தலைமை ஆசிரியை முடித்துவிட்டார். நான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. வடக்கே, காட்டுக்கு நடுவில், ஒரு நாளைக்கு எத்தனை வண்டி நிற்கும் என்று விரல் மடக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு நிலையம். காரணம் யாரும் சொல்லவில்லை. "வழக்கமான மாத்தல்தான்லா" என்று அப்பா சிரித்தார். மாமா வந்து, "சொன்னேனே, கேட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். அம்மா விளக்குமாற்றை எடுத்துக் கூட்டாத இடத்தையெல்லாம் கூட்டினாள், மாமா கிளம்பிவிட்டார். எங்கள் படிப்புக்காக அம்மா பிரிக்பீல்ட்ஸில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தாள். அப்பா மட்டும் தனியாகப் போனார். அம்மா யார் பக்கம் என்று அப்போது தெரிந்துவிட்டது.

அக்கா படித்தாள். சாதாரணப் படிப்பா அது! பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பால்காரர் வந்தாலும் காய்காரர் வந்தாலும் ரஷ்ய மொழியில் வணக்கம். மாதத்துக்கு ஒருமுறை அப்பா வருவார். அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் கேட்க மாட்டார். அக்காவும் சொல்ல மாட்டாள். எனக்குத்தான் பொறுமை இல்லை. "உனக்கு இன்னும் அர்த்தம் தெரியலையா?" என்று பிய்த்து எடுப்பேன். "தெரியும்" என்றாள் ஒருநாள். மேற்கொண்டு கேட்டால், "அப்பாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லணும், சும்மா இரு" என்று விரட்டிவிட்டாள்.

பரிசளிப்பு நாள் வந்தது. அதே மண்டபம். அப்பா காலை மெயிலில் வந்து இறங்கி நேரே வந்திருந்தார். கோட்டில் அத்தனை சுருக்கம்! தேய்த்துக்கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? ரயில்வே வரிசையில் அவருக்கும் அம்மாவுக்குமாக இரண்டு நாற்காலிகளை விட்டு வைத்திருந்தார்கள். பின் வரிசையில் மாமா. மேடையின் ஓரத்தில் மேடம், அதே கறுப்பு உடுப்பில். ரஷ்ய மொழி மாணவிகள் பேசும் முறை வந்ததும் அக்கா முன்னால் வந்து நின்றாள்.

ஒரு பத்தி ரஷ்ய மொழியில் சொல்லுவாள், பிறகு அதையே இங்கிலீஷில் சொல்லுவாள். பிளாட்பாரத்தில் இறங்கிய அந்த அம்மாவின் கதையைச் சொன்னாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தத் தாய் என் தகப்பனாரின் நெஞ்சைத் தொட்டார்கள். பிறகு என்னையும் என் தங்கையையும் காட்டினார்கள். நாங்கள் வேடிக்கை பார்ப்பது பிடிக்கவில்லை என்று நினைத்தோம். அவர்கள் சொன்னது இது" என்றாள். அப்புறம் அந்த வாக்கியம், அப்பா சவரக் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே வாக்கியம், அவள் வாயில் சுத்தமாக வந்தது. மேடம் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்து, அந்தப் பள்ளி மண்டபத்தில், தமிழில் சொன்னாள்:

"நீங்களும் ஒரு தகப்பன்தானே."

அக்கா கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். மண்டபத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்காகத் தலைமை ஆசிரியை மணியை ஒரு தட்டுத் தட்டினார். டிங்!

அப்பாவின் குடை அசையவில்லை. கோயிலில்கூடத் தவறாத அந்தக் கை, பிடியின் மேல் அப்படியே கிடந்தது. தலை குனிந்திருந்தது. தோள் குலுங்கியது. அம்மா அவர் முதுகில் கையை வைத்தாள்.

அப்போது பக்கத்து நாற்காலிக்காரரின் குடை தரையைத் தட்டியது. டொக்! அடுத்தவர். அதற்கு அடுத்தவர். ஸ்டேஷன் மாஸ்டர்கள், கார்டுகள், சிக்னல்காரர்கள், அந்த வரிசை முழுக்க, ஆளுக்கு ஒரு தட்டு. அதே பெரிய துரை மேடையில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு பின் வரிசையிலிருந்து ஒரே ஒரு குடை தாமதமாகத் தட்டியது. திரும்பிப் பார்த்தால், மாமா! கிராணியாருக்குத் தாளம் என்றைக்கு வந்தது? தலைமை ஆசிரியை எழுந்து நின்றார். கடைசியாக அப்பா குடையைத் தூக்கி, மெதுவாக, ஒரு தட்டுத் தட்டினார்.

மேடம் சில வருடங்களில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார். கற்பிக்க ஆள் இல்லாமல் பாடம் நின்றுபோனது. அக்கா போர்ட் ஸ்விட்டன்ஹாமில் நர்ஸ். கப்பலிலிருந்து எந்த ஊர் மாலுமியை நோயோடு இறக்கினாலும், பாஷை தெரியவில்லை என்றால், அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். ரஷ்யாக்காரன் ஒருவன் அவளிடம் தன் மொழியைக் கேட்டுவிட்டுக் கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்தானாம். தலைமை ஆசிரியை ஓய்வு பெற்று ஊருக்குப் போகும் நாளில் இந்த மணியை என் கையில் கொடுத்தார். "இது உன் அப்பாவுடையது" என்றார்.

அப்பாவுக்கு இப்போது காது மந்தம். பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் ரயில் போனால், தரை அதிர்வதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். போன மாதம் என் வகுப்பைப் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப்போய்ப் பின்னால் உட்காரவைத்தேன். கோட்டு, குடை, எல்லாம் உண்டு. நான் மணியைத் தட்டினேன். அவருக்கு அது கேட்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் மேசையைத் தட்டியது பலகைத் தரை வழியாக அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். திடுக்கிட்டு நிமிர்ந்து வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு குடையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, காது கேளாதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில் சொன்னார்:

"லைன் கிளியர்! நீ வண்டிய எடும்மா."